எழவு வீட்டு வெளிச்சம்

என் அத்தையை முதன்முதலாக நான் படம் எடுத்தது அவர் வீட்டு ஜன்னலோரத்தில். மாமா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கற்றுக்கொடுத்தபடியே எல்லாம் செய்தேன். மேற்கு ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தேன். அத்தையைப் பக்கவாட்டில் உட்கார வைத்தேன். வலது கன்னத்தில் வெளிச்சம், இடது பக்கம் இருட்டு, இடக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக ஒரு வெளிச்சத் துண்டு. "கேமராவப் பாக்காதீங்க அத்தை, வெளிய பாருங்க" என்றேன். பிறகு நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினேன். பார்த்த நண்பர்கள் நெகிழ்ந்துபோனார்கள். ஒரு போட்டியில் பரிசும் கிடைத்தது. சட்டம் போட்டு அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எழவு முடிஞ்சு வருசம் திரும்பப் போகுதுடா. என்னைய இன்னமும் எழவு வீட்லயே ஒக்கார வச்சிருக்கியே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. படத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டார். நான் கற்றிருந்த பாடத்தின் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது அன்றுதான். இந்தக் கட்டுரை அந்தப் பாடத்துக்கு எதிரானது.

பாடம் இதுதான்: வெளிச்சத்துக்கென்று உணர்ச்சிகள் உண்டு, எந்த வெளிச்சத்துக்கு எந்த உணர்ச்சி என்று தெரிந்துகொண்டால் போதும். ஜன்னல் வழியாகப் பரவி வந்தால் மென்மை. பக்கத்திலிருந்து விழுந்து பாதி முகத்தை இருட்டில் விட்டால் துயரம். பின்னாலிருந்து வந்து முடியோரத்தில் பொன்னாக மின்னினால் காதல். கீழிருந்து வந்தால் பயம். உச்சி வெயில் எதற்கும் உதவாது, கேமராவைப் பையில் வைத்துவிடலாம். பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் சொல்கிறார்கள். யூடியூப் பாடங்களிலும் இதுதான். போட்டி நடுவர்கள் மதிப்பெண் போடுவதும் இதை வைத்துத்தான். நானே மூன்று முறை நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். மேசைக்கு வந்த முகப்படங்களில் பெரும்பாலானவை ஒரே படம்: சுருக்கம் விழுந்த கிழவரோ கிழவியோ, பக்கவாட்டு வெளிச்சம், கறுப்புப் பின்னணி, எங்கோ வெறிக்கும் கண். ஊர் வேறு, ஆள் வேறு, எடுத்தவர் வேறு, உணர்ச்சி மட்டும் ஒன்று. இத்தனை வேறுபட்ட வாழ்க்கைகளிலிருந்து ஒரே உணர்ச்சிதான் வருகிறது என்றால் அது அந்த மனிதர்களுடையதாக இருக்க முடியாது. நாம் கொண்டுபோய் அவர்கள் முகத்தில் ஒட்டியது அது.

இந்தப் பாடத்தின் செல்லப்பிள்ளை 'ரெம்ப்ராண்ட் லைட்டிங்'. அத்தையின் கன்னத்தில் நான் வரவழைத்த முக்கோணத்துக்கு அதுதான் பெயர். பெயர் பிறந்ததாகச் சொல்லப்படும் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1915இல் 'தி வாரன்ஸ் ஆஃப் வர்ஜீனியா' படத்தை எடுத்த செசில் பி. டிமில், நடிகரின் முகத்தில் பாதிக்கு மட்டும் ஒளி கொடுத்தார். வியாபாரத்தைப் பார்த்துக்கொண்ட சாமுவேல் கோல்ட்வின் பதறிப்போனார்: பாதி முகத்தைக் காட்டினால் திரையரங்குக்காரர்கள் பாதிப் பணம்தானே தருவார்கள்? இது ரெம்ப்ராண்ட் பாணி என்று சொல்லுங்கள் என்றாராம் டிமில். அப்படியென்றால் இரண்டு மடங்கு கொடுப்பார்கள் என்று பதில் வந்ததாம். இது டிமில் பின்னாளில் சொன்ன கதை. ஒரு படத்தை விற்கக் கைகொடுத்த பெயரை நூறு ஆண்டு கழித்து மனித மனத்தின் இலக்கணமாக நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறோம்.

ரெம்ப்ராண்ட் என்ற அந்த ஓவியர் எப்படித் தீட்டினார் என்றாவது பார்த்தோமா? சுமார் 1628இல், இருபத்திரண்டு வயதுக்காரராக அவர் தம்மையே தீட்டிய சின்ன ஓவியம் ஆம்ஸ்டர்டாமில் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்கள் இரண்டும் நிழலுக்குள். காதோரமும் கழுத்தும் ஒரு பக்கக் கன்னமும் மட்டும் வெளிச்சத்தில். அதில் துயரம் எங்கே இருக்கிறது? கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நம்மை நோட்டம் விடும் ஓர் இளைஞன் இருக்கிறான். 1660களில் தீட்டிய இன்னொன்று கொலோன் நகரில் இருக்கிறது. ஓவியம் முழுக்க இருட்டு. அதற்குள்ளிருந்து முதுகு வளைந்த கிழவர் நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரே கை, ஒரே இருட்டு. ஒன்று ஒளிந்துகொள்கிறது, மற்றொன்று சிரிக்கிறது. இருட்டு அர்த்தத்தை எடுத்துக்கொண்டது அந்த ஆளிடமிருந்து.

மறுபக்கத்தையும் பாருங்கள். சென்ற நூற்றாண்டில் துயரத்தின் முகம் என்று உலகமே ஏற்றுக்கொண்ட ஒளிப்படம் டோரத்தியா லாங்கே 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்தது. பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம். கித்தான் கூடாரத்தின் திறந்த பக்கத்தில் 32 வயதுத் தாய் ஒருத்தி. அன்று மழை, வானம் மூடிக்கிடந்தது. பக்கவாட்டு வெளிச்சம் இல்லை, முக்கோணம் இல்லை, பாதி முகம் கறுக்கவில்லை. வகுப்பில் 'தட்டை வெளிச்சம்' என்று ஒதுக்கச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். அந்த வெளிச்சத்தில்தான் நெற்றிக் கோடு, உதட்டோரம், சட்டைக் கையின் கிழிசல் என்று எல்லாம் ஒரே நியாயத்தோடு தெரிகின்றன. நம்மை உலுக்குவது கன்னத்தைத் தொட்டு நிற்கும் விரல்கள். அதைவிட, இரண்டு பக்கமும் தாயின் தோளில் முகம் புதைத்து நமக்குப் பிடரியைக் காட்டும் இரண்டு பிள்ளைகள். அந்தப் பிடரிகளை எந்த ஜன்னல் வெளிச்சமும் கொண்டுவந்து தராது.

படத்தில் இருந்த ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் பல ஆண்டுகள் கழித்து, அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று சொன்னார். ஒரு படம் மகத்தானதாக இருக்கலாம். அதில் இருப்பவருக்கு அது தன் முகம் இல்லை என்று தோன்றவும் செய்யலாம். என் அத்தையின் படம் மகத்தானதல்ல. ஆனால் அத்தை சொன்னதும் இதே வழக்குத்தான்.

ரிச்சர்ட் அவெடன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளர், இறைச்சிக் கூடத்து வேலையாட்கள், நாடோடிகள் என்று நூற்றுக்கணக்கானவர்களைப் படமெடுத்தார். ஒரு வெள்ளைத் தாளைக் கட்டித் தொங்கவிட்டு, வெயில் படாத நிழலில் அவர்களை நிற்க வைத்தார். வெயில் முகத்தில் மேடு பள்ளங்களை உண்டாக்கி 'இங்கே பார், அங்கே பார்' என்று பார்ப்பவருக்குக் கட்டளை போடுகிறது, அந்தக் கட்டளை எனக்கு வேண்டாம் என்பது அவர் வாதம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியக்கூடாது என்று நினைத்தார். அந்த முகங்களைப் பார்த்தவர்கள் யாரும் உணர்ச்சி இல்லை என்று சொன்னதில்லை. உணர்ச்சி தாங்கமுடியாமல் இருக்கிறது என்றுதான் சண்டைக்கு வந்தார்கள்.

இங்கே நம் மொழி கையில் கொடுத்திருக்கும் ஒரு சாவியைச் சொல்ல வேண்டும். முகத்தில் விழும் கறுப்பும் நிழல். மரத்தடியில் நாம் போய் ஒதுங்குவதும் நிழல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொற்கள்; நமக்கு ஒன்றுதான். அவெடனின் ஆட்கள் நிழலில் நின்றதால்தான் அவர்கள் முகத்தில் நிழல் விழவில்லை. ஒளிப்பட வகுப்புகள் நிழலின் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டன. இரண்டாவது பொருளைக் கைவிட்டன. தமிழ்நாட்டில் பிறந்தவனுக்கு இரண்டாவதுதான் முதலாவது.

நிழலருமை வெயிலில் தெரியும் என்பது நம் பழமொழி. சித்திரை வெயிலில் பேருந்துக்கு நின்றவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. புளிய மரத்தடி, திண்ணை, கோயில் மண்டபம், ஓலைப் பந்தல் என்று நம் ஊரில் மனிதர்கள் கூடிப் பேசிச் சிரித்து வழக்குத் தீர்த்துக் குழந்தையைத் தூங்கவைத்த இடங்களெல்லாம் நிழல்கள். ஒருவர் நம்மை ஆதரித்தால் அவர் நிழலில் இருக்கிறோம் என்கிறோம். சூரியனுக்கு ஏங்கிக் கிடக்கும் வடபுலத்தில் வெளிச்சம் அருள், இருட்டு துன்பம் என்று ஆனது இயற்கை. அவர்கள் வானத்துக்கு அது பொருந்தும். ஆண்டில் பாதி நாள் வெயிலிடமிருந்து தப்பித்து ஓடும் ஊரில் அதே சமன்பாட்டை அப்படியே வைத்து, நிழல் விழுந்த முகத்தைப் பார்த்ததும் 'ஐயோ பாவம்' என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம். களத்து மேட்டிலிருந்து வந்து திண்ணையில் சாய்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்ளும் ஆளின் முகத்தில் விழும் நிழல் ஒரு நிம்மதி. அதைத் துயரமாகப் படிப்பவருக்கு வெயில் தெரியாது.

நிழலைப் பரிவாகப் பார்த்த ஒளிப்படக்காரர் ஒருவர் நியூயார்க்கில் இருந்தார், ராய் டீகராவா. ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவர். ஃப்ளாஷ் போடமாட்டார். சமையலறையின் ஒற்றை விளக்கு, மாடிப்படியில் கசியும் பகல், அவ்வளவுதான் அவருக்கு. லாங்ஸ்டன் ஹியூஸ் எழுத, 1955இல் இருவரும் சேர்ந்து கொண்டுவந்த 'தி ஸ்வீட் ஃப்ளைபேப்பர் ஆஃப் லைஃப்' ஹார்லெம் குடும்பங்களின் வீட்டுக்குள் போகிறது. பக்கம் பக்கமாக இருட்டு. ஆனால் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் தகப்பன், அடுக்களையில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் கணவனும் மனைவியும் அந்த இருட்டுக்குள் பத்திரமாக இருக்கிறார்கள். வெளியே அவர்களை முறைத்துப் பார்க்கும் நகரம். உள்ளே போர்வை போல நிழல். 1963இல் வாஷிங்டன் பேரணிக்கு மிசிசிப்பியிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணை அவர் எடுத்த படத்தில் முகம் கிட்டத்தட்ட முழுவதும் ஆழ்ந்த சாம்பல் நிறத்தில் இருக்கிறது. கறுப்புக்கும் அடுத்த கறுப்புக்கும் நடுவே எத்தனை படிகள் உண்டு என்று அந்தக் கன்னத்தில் எண்ணலாம். வேறொருவர் கையில் அந்த முகம் 'வெளிச்சம் பத்தவில்லை' என்று குப்பைக்குப் போயிருக்கும், இல்லையென்றால் மேலேற்றி வெளுக்கப்பட்டிருக்கும். டீகராவா கையில் அது உறுதி.

வெளுப்பது என்றதும் நம் ஸ்டுடியோக்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். எனக்கு மனம் ஆறாத இடம் இது.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே நிற்பது யார் என்று தெரியாது. கண்ணில் படும் எல்லாவற்றையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகம் சட்டத்தை நிறைத்தால் 'வெளிச்சம் குறைவு' என்று முடிவுகட்டி எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும். முகம் வெளுத்துச் சாம்பல் பூத்துப்போகும். ஒரு ஸ்டாப் அளவுக்குக் குறைத்து வைத்தால்தான் கறுப்பு கறுப்பாக நிற்கும். எடுக்கிறவர்தான் அதைக் குறைக்க வேண்டும். வண்ணப் பிலிம் காலத்திலும் இதே கதைதான். கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல ஆண்டுகள் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். 'ஷர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அவர்களுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பு நிறங்களை அந்தப் பிலிம் பிரித்துக் காட்டவில்லை என்று முறையிட்டவர்களில் மரச்சாமான் விளம்பரக்காரர்களும் சாக்லேட் விளம்பரக்காரர்களும் இருந்தார்கள். மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த கவனம் மனிதத் தோலுக்குக் கிடைக்க இன்னும் காலம் பிடித்தது.

நம் ஊர் ஸ்டுடியோவில் கண்ணாடி, சீப்பு, பக்கத்தில் ஒரு பவுடர் டப்பா. படம் எடுத்துக்கொள்ள வந்த எல்லோரும் முகத்தில் அப்பிக்கொண்டோம். அந்தப் பவுடர் என்ன செய்தது என்று ஒளிப்படக்காரனாக யோசித்துப் பார்க்கிறேன். வெளுத்த தோலில் முகத்தின் மேடு பள்ளத்தைச் சொல்வது நிழல். கறுத்த தோலில் அதைச் சொல்வது மினுமினுப்பு. கன்ன எலும்பின் மேல் ஒரு கோடு, மூக்குத் தண்டில் ஒரு கீற்று, நெற்றியில் வியர்வையின் பளபளப்பு: நம் முகங்கள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதில்தான் உருவம் கொள்கின்றன. பவுடர் அந்த மினுமினுப்பைக் கொன்றுவிட்டது. பிறகு 'முகம் டல்லாக இருக்கிறது' என்று டச்சிங் செய்து வெளுத்தார்கள். இன்று அந்த வேலையைக் கைபேசி கேட்காமலே செய்கிறது.

நிழலை வைத்து உணர்ச்சியைக் கணக்குப் போடும் பாடம் வெளுத்த தோலின் பாடம். அதை நம் முகங்களில் வைத்தால், இயல்பாகவே ஆழ்ந்த நிறம் கொண்ட பக்கம் இன்னும் இரண்டு மடங்கு கறுத்து, பாதி முகம் காணாமல் போய்விடுகிறது. என் அத்தைக்கு நடந்தது அதுதான்.

கறுப்புக்கு ஒளியூட்டத் தெரியாதவர்கள் இல்லை நாம். கோயில் கருவறையை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் கிடையாது. எண்ணெய் ஏறி மெருகேறிய கருங்கல் திருமேனி, ஒன்றிரண்டு நெய்விளக்கு. வாசலில் நிற்பவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. அர்ச்சகர் கற்பூரத் தட்டைத் தூக்கிச் சுற்றும்போது, கன்னத்தில் ஒரு மினுக்கம், உதட்டில் ஒன்று, கண்ணில் ஒன்று என்று முகம் வெளிச்சத்தோடு நகர்ந்து நகர்ந்து வருகிறது. கறுப்பின் மேல் ஒளி எப்படி எழுதும் என்பதற்கு இதைவிட நல்ல பாடசாலை நான் பார்த்ததில்லை. கவனியுங்கள்: அந்த வெளிச்சம் கீழிருந்துதான் வருகிறது. பாடத்தின்படி அது பயம் தர வேண்டும். கார்த்திகை இரவில் அகல் விளக்கை ஏந்தி வாசலுக்கு வரும் பெண்ணின் முகத்துக்கும் கீழிருந்துதான் வெளிச்சம். அவளைப் பார்த்து யார் பயந்தோம்?

திரையில் இதைப் புரிந்துகொண்டவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் நிறத்தை அவர் மறைக்கவில்லை. கட்டிமுடியாத வீட்டுக்குள் விழும் பகல் வெளிச்சம் அந்த முகத்திலும், தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரின் முகத்திலும் ஒரேபோல விழுகிறது. இந்த இடத்தில் அழு என்று நமக்குக் கட்டளை போடாத வெளிச்சம் அது.

இதைச் சொன்னதும் சிலர் வேறு பக்கம் சாய்வார்கள்: 'அதுதான் சொல்கிறோம், இயற்கை வெளிச்சம்தான் உண்மை, விளக்கு வெளிச்சம் பொய்.' அதையும் நான் ஒப்பவில்லை. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில் காசி நகரத்து வீட்டின் முற்றம் கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். முற்றத்துக்கு மேலிருந்து இறங்கும் வான வெளிச்சத்தைக் கொண்டுவர சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கைத் துணியில் அடித்துத் திருப்பினார். நம் முற்றங்களின் பகலை அதைவிட உண்மையாக நான் திரையில் கண்டதில்லை. அது முழுக்க விளக்கு. மறுபுறம், ஜூலியா மார்கரெட் கேமரன் வெறும் பகலொளியில்தான் வேலை செய்தார். கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் கேமராவைத் தொட்டு, கோழிக்கூண்டை ஸ்டுடியோவாக்கி, கடைசியில் இலங்கைக்குப் போய் 1879இல் அங்கேயே இறந்தவர். அவர் பயன்படுத்திய ஈரக் கண்ணாடித் தகடு நீலத்தை மட்டும் நன்றாகப் பார்க்கும், சிவப்பைப் பார்க்காது. தோலின் செம்மையெல்லாம் அதில் கறுப்பாக விழும். சூரியன் அனுப்பியதில் பாதியை மருந்து தின்றுவிட்டது. அவருடைய முகங்களின் கம்பீரத்துக்குக் காரணம் அந்தப் பகலின் நேர்மை என்றால் எப்படி ஒப்புக்கொள்வது? நிமிடக்கணக்கில் அசையாமல் அவர் முன் உட்கார்ந்த மனிதர்களின் பொறுமைக்கு அதில் பங்கு இல்லையா?

பிறகு 'கோல்டன் அவர்' என்ற பக்தி, சூரியன் தாழ்ந்திருக்கும் பொன்வேளையில்தான் படமெடுக்க வேண்டும் என்பது. சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு பாகை ஏறுவதற்கு, லண்டனின் மார்கழிக் குளிரில் சுமார் 1 மணி நேரம் ஆகும். நடுப்பகலில்கூட அப்போது அங்கே சூரியன் சுமார் 15 பாகைதான் ஏறும். மதுரையில் அதே ஆறு பாகையைச் சுமார் அரை மணி நேரத்தில் கடந்துவிடும். சித்திரை பிறந்த ஓரிரு நாளில் உச்சிக்கு நேர் மேலே நிற்கும். நம் பகலின் பெரும்பகுதி உச்சி வெயில்தான். அந்த வெயிலில்தான் நாற்று நடுகிறார்கள், செங்கல் சுமக்கிறார்கள், உப்பு வாருகிறார்கள். அந்த நேரத்தில் முகத்தைப் படமெடுக்கக் கூடாது என்றால், இந்த மக்களின் நாளில் பாதிக்கு முகம் கிடையாது என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

தூத்துக்குடி உப்பளத்தை அந்தி நேரத்தில் எடுத்த படங்கள் எத்தனை பார்த்திருப்பீர்கள்! ஆரஞ்சு வானம், தண்ணீரில் பிரதிபலிப்பு, தலையில் கூடையோடு நடக்கும் கறுப்பு உருவங்கள். அழகுதான். யாருடைய முகமும் அதில் இல்லை. நான் ஒருமுறை பதினொரு மணி வெயிலில் அங்கே நின்றேன். உப்புக் குவியல் சுண்ணாம்புச் சுவர் போல வெயிலைத் திருப்பி அடிக்கிறது. உச்சியிலிருந்து வரும் வெயில் கண்குழியில் போடும் கறுப்பை, கீழிருந்து எழும் உப்பின் வெளிச்சம் நிரப்பிவிடுகிறது. சினிமாக்காரர்கள் தெர்மாகோல் பிடித்துச் செய்வதை உப்பு செய்கிறது. கூடையைத் தலையிலிருந்து இறக்கிய ஒரு பெண் என்னைப் பார்த்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். அந்தச் சுருக்கத்தில் எரிச்சல் இருந்தது, என்ன வேண்டும் இவனுக்கு என்ற கேள்வி இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. அந்தி வெளிச்சத்தில் இவை ஒன்றும் கிடைத்திருக்காது. அவர் கண்ணைச் சுருக்கியிருக்கவே மாட்டார்.

அப்படியானால் வெளிச்சமும் நிழலும் முகப்படத்தில் ஒன்றுமே செய்வதில்லையா என்று கேட்பார்கள். செய்கின்றன. அவை செய்வது ஒரே காரியம்: எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று பிரிப்பது. 'தி காட்ஃபாதர்' (1972) படத்தில் கோர்டன் வில்லிஸ் மேலிருந்து விளக்குப் போட்டு மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலுக்குள் தள்ளினார். கண் தெரியாததால் அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று எதிரே நிற்பவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அதிகாரம் அங்கே பிறக்கிறது. அதே நிழலை என் அத்தையின் கண் மேல் போட்டால் அதிகாரம் வராது. அத்தை காணாமல் போவார். மறைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை எதிரே உட்கார்ந்திருப்பவரிடமிருந்து மட்டுமே தெரிந்துகொள்ள முடியும். அதற்கு அவரோடு பேச வேண்டும், பேசாமலும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். ஜன்னலைத் தேடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. நான் அத்தையிடம் அன்று அதைச் செய்யவில்லை. விதவை, முதுமை, தனிமை என்று மூன்று சொற்களை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஜன்னல் அதற்கு ஒத்துழைத்தது.

அடுத்த சித்திரையில் மறுபடி போனேன், கேமராவோடுதான், ஆனால் படமெடுக்கும் திட்டமில்லாமல். அத்தை மொட்டைமாடியில் வடகம் பிழிந்து காயவைத்திருந்தார். பன்னிரண்டரை மணி. மாடிப்படித் தலைப்பில் ஒரு முழத்துக்கு நிழல். அதற்குள் காலை மடக்கி உட்கார்ந்து, கையில் ஒரு குச்சியோடு காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார். எதிரே விரித்திருந்த வெள்ளைத் துணி முழுவதும் வெயில். அது அப்படியே எழுந்து அவர் தாடைக்கு அடியிலும் கன்னத்திலும் கண்ணுக்குள்ளும் போய் விழுந்தது. முகத்தில் இருட்டு என்று ஓர் இடம் இல்லை. மூக்குத்தி கழற்றிய இடத்துத் துளைகூடத் தெரிந்தது. மாமாவுக்கு வெங்காய வடகம்தான் பிடிக்கும், இந்த வருசம் பழக்க தோசத்தில் அதையே நிறையப் பிழிந்துவிட்டேன், யார் தின்பது என்று பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு காக்காய் வந்தது. பேச்சை விடாமல் குச்சியை ஓங்கினார். அப்போது எடுத்தேன். நிறத்தை எடுக்கவில்லை. ஒரு ஸ்டாப் குறைத்து வைத்திருந்தேன். அத்தையின் கறுப்பு அப்படியே வந்தது.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முன்போலவே கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். தன் முகத்தை ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு படத்தின் அடிப்பக்கத்தில், வடகம் காயும் துணியின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது ஒங்க மாமா வேட்டிடா. கரை தெரியுது பாரு."